கண் சொட்டு மருந்தியல்: அட்டவணையை மனப்பாடம் பண்றதா, ஒரு சொட்டுல எத்தனை மில்லிகிராம்னு பாக்கறதா?

நிலா_ஆப்டம்
வணக்கம். பி.ஆப்டம் (கண் பரிசோதனைப் படிப்பு) இரண்டாம் ஆண்டு. முதல் உள்தேர்வுக்கு கண்மணியை விரிக்கிற மருந்துகள் மட்டும்தான் பாடம். ட்ரோபிகமைடு, சைக்ளோபென்டோலேட், ஹோமட்ரோபின், அட்ரோபின், ஃபினைலெஃப்ரின். ஒவ்வொண்ணுக்கும் சதவீதம், எப்போ வேலை தொடங்கும், எப்போ உச்சம், எப்போ இறங்கும்னு அட்டவணை போட்டா இருபது எண் வருது. ரெண்டு நாள்ல குழம்பிடுது. எதை எதோட சேர்த்து ஞாபகம் வைக்கணும்? இன்னொண்ணு, 0.5% சொட்டுன்னா ஒரு மி.லி.யில் 0.5 மி.கி. மருந்துன்னு எழுதினேன். தப்புன்னு சுழிச்சிட்டாங்க. ஏன்?

வேதிக்குடுவை
கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் மதிப்பெண் சமாச்சாரம், இது நோயாளி சமாச்சாரம்.

1% என்றால் 100 மி.லி.யில் 1 கிராம். அதாவது 1000 மி.கி.யை 100 மி.லி.யில் பிரித்தால் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. ஆக 0.5% என்பது மி.லி.க்கு 5 மி.கி. நீங்கள் எழுதியது பத்தில் ஒரு பங்கு.

ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு சொட்டு 50 மைக்ரோலிட்டர். பாட்டிலின் மூக்கையும் பிடிக்கும் கோணத்தையும் பொறுத்து இது 30 வரை குறையும். ஆனால் பாதுகாப்புக் கணக்குக்கு 50 என்று கொள்வதே நல்லது. அப்போது குறுக்குவழி ஒன்று கிடைக்கும்: சதவீதத்தில் பாதிதான் ஒரு சொட்டில் இருக்கும் மி.கி. 1% அட்ரோபின் சொட்டில் 0.5 மி.கி. 0.5% டிமோலாலில் (கண் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு) 0.25 மி.கி. 5% ஃபினைலெஃப்ரினில் 2.5 மி.கி.

இப்போது இதை ஊசி மருந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைக்கு அட்ரோபின் ஊசி கிலோவுக்கு 0.02 மி.கி. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.2 மி.கி. அதே குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் 1% அட்ரோபின் ஒவ்வொரு சொட்டு விட்டால் 1 மி.கி., அதாவது ஊசி அளவைப்போல ஐந்து மடங்கு. முழுவதும் ரத்தத்துக்குப் போகாது, உண்மைதான். ஆனால் கொஞ்சம் போனாலே போதும் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறதல்லவா? "கண்ணுல விடுற மருந்துதானே" என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நிலா_ஆப்டம்
சார், கண்ணுல விட்டது ரத்தத்துக்கு எப்படிப் போகுது? கார்னியா (கண்ணோட முன்பக்கக் கண்ணாடிப் படலம்) வழியாவா?

வேதிக்குடுவை
கார்னியா வழியாகக் கண்ணுக்குள் போவது பொதுவாக 1 முதல் 5 சதவீதம்தான். கண்ணில் சாதாரணமாக இருக்கும் கண்ணீர் 7 முதல் 10 மைக்ரோலிட்டர். இமைக்குள் ஒரு நொடி பிடித்து வைக்க முடிவது ஏறக்குறைய 30. அதில் 50 மைக்ரோலிட்டர் சொட்டைக் கொட்டுகிறோம். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் ஒவ்வொரு இமைத்தட்டலுக்கும் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கும். மூக்கின் சவ்வில் ரத்த நாளங்கள் அதிகம், கல்லீரலைத் தாண்டாமல் நேரே ரத்தத்தில் சேரும். மாத்திரையாக விழுங்கியிருந்தால் கல்லீரல் ஒரு பங்கைச் சிதைத்திருக்கும். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

அதனால்தான் சொட்டு விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் 2-3 நிமிடம் அழுத்தச் சொல்கிறோம். இரண்டாவது சொட்டு அடுத்த நொடியே விட்டால் முதல் சொட்டைக் கழுவிவிடும். இரண்டு மருந்துக்கு இடையே 5 நிமிடம். களிம்பு இருந்தால் அது எப்போதும் கடைசி.

ரெட்டினோ_அக்கா
நிலா, அட்டவணையை தூக்கி ஓரமா வை. முதல்ல ரெண்டு தசையை மட்டும் பாரு.

கண்மணியைச் சுருக்குற வட்டத் தசை, கிட்டப் பாக்கறப்போ லென்ஸைக் குண்டாக்குற சிலியரி தசை, ரெண்டுமே பாராசிம்பதெடிக் (தன்னியக்க நரம்போட ஒரு பிரிவு) கட்டுப்பாடு. ரெண்டுலயும் இருக்கற ஏற்பி (மருந்து போய் ஒட்டற இடம்) மஸ்கரினிக், எம்3. ஐரிஸ்ல (கண்மணியைச் சுத்தின நிறப் படலம்) ஆரக்கால் மாதிரி ஓடுற விரிக்கிற தசை மட்டும் எதிர்ப் பிரிவான சிம்பதெடிக், ஏற்பி ஆல்ஃபா-1.

அட்ரோபின், ஹோமட்ரோபின், சைக்ளோபென்டோலேட், ட்ரோபிகமைடு நாலும் எம்3-ஐ அடைக்குது. அதனால கண்மணியும் விரியும், கிட்டப் பார்வையும் போகும். ஃபினைலெஃப்ரின் ஆல்ஃபா-1-ஐத் தூண்டுது. கண்மணி விரியும், ஆனா சிலியரி தசையைப் பெருசா தொடாது. அதனால அதைத் தனியா விட்டு சைக்ளோப்ளீஜிக் ரெட்டினோஸ்கோபி (சிலியரி தசையை மருந்தால அசையாம பண்ணிட்டு, கண்ணுக்குள்ள ஒளி விட்டுப் பவர் அளக்கறது) பண்ண முடியாது. இன்னொரு அடையாளம்: ஃபினைலெஃப்ரின் விழுந்த கண்ணுல வெள்ளைப் பகுதி வெளுத்து, மேலிமை லேசா தூக்கின மாதிரி இருக்கும். ரத்தக்குழாயும் முல்லர் தசையும் அதே ஏற்பிக்குத்தான் கட்டுப்படுது.

இது மனசுல நின்னா மிச்சம் நாலு மருந்தை பலத்தோட வரிசையில வை, நேரமும் அதே வரிசையில நீளும்:

ட்ரோபிகமைடு 20-40 நிமிஷத்துல உச்சம், பெரும்பாலும் 4-8 மணி நேரத்துல இறங்கிடும்.
சைக்ளோபென்டோலேட் 1%, 30-60 நிமிஷம், ஒரு நாள்.
ஹோமட்ரோபின் 2%, ஒரு மணியிலருந்து ஒன்றரை மணி, 1-3 நாள்.
அட்ரோபின் 1%, மூணு நாள் வீட்டுல போட்டுட்டு வரணும், இறங்க 7-14 நாள்.

நம்ம மக்கள் ஐரிஸ் கரும்பழுப்பு. மெலனின் மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும். அதனால வெளிநாட்டுப் புத்தகம் சொல்ற நேரத்தைவிட லேட்டா தொடங்கும், லேட்டா இறங்கும். சைக்ளோபென்டோலேட்டுக்கு "30 நிமிஷம் ஆச்சு, பாக்கலாம்"னு உக்காந்தா பாதி குழந்தைக்கு பவர் தப்பா வரும்.

தென்பொதிகை
அக்கா, கண்மணி நல்லா விரிஞ்சு வெளிச்சத்துக்கு அசையலைன்னா சைக்ளோப்ளீஜியா முழுசுன்னு எடுத்துக்கலாமா?

ரெட்டினோ_அக்கா
கூடாது. இதுலதான் எல்லாரும் வழுக்கறாங்க. கண்மணி முழுசா விரிஞ்சிருக்கும், உள்ள சிலியரி தசை இன்னும் இழுத்துக்கிட்டிருக்கும். ட்ரோபிகமைடுல இது ரொம்ப சகஜம். மிட்ரியாசிஸ் (கண்மணி விரிவு) மணிக்கணக்கா நிக்கும், சைக்ளோப்ளீஜியா உச்சம் நிமிஷக்கணக்குலயே நழுவிடும்.

ரெட்டினோஸ்கோப்ல பாக்கறப்போ ஒளி ஒரு நொடி 'வித்' (நம்ம அசைவோட சேர்ந்து ஓடறது), அடுத்த நொடி 'நியூட்ரல்' (ஓட்டம் நின்னது)னு ஆடுதா? குழந்தை எங்கேயோ கிட்டப் பாக்குதுன்னு அர்த்தம், மருந்து பத்தல. பெரிய பசங்கன்னா சின்ன எழுத்தைத் தூரத்துலருந்து கிட்டக் கொண்டுவந்து எங்க மங்குதுன்னு அளந்து பாரு. 2 டயாப்டருக்கு மேல அக்காமடேஷன் (கிட்டப் பாக்க லென்ஸ் குண்டாகறது) மிச்சம் இருந்தா அன்னிக்கு எழுதற பவர் நம்பிக்கையில்லை.

அப்புறம், விரிஞ்ச கண்மணியில ஓரத்து ஒளி ஒரு பக்கமும் நடு ஒளி இன்னொரு பக்கமும் ஓடும். ஓரத்தைப் பாக்காதே. நடு 3-4 மி.மீ. மட்டும் பாத்து நியூட்ரல் பண்ணு.

பழைய_ஸ்லிட்லேம்ப்
ரெட்டினோ அம்மா சொன்னதோட கணக்கையும் சேர்த்துடறேன். 66 செ.மீ. தூரத்துலருந்து பாத்து +5.50-ல நியூட்ரல். தூரத்துக்கு 1.50 கழிச்சா +4.00. போட்டது அட்ரோபின், டோனஸுக்கு (சிலியரி தசைக்கு இயல்பா இருக்கற இறுக்கம், மருந்து அதைத் தளர்த்திடும்) 1.00 கழிச்சா +3.00. ஹோமட்ரோபினுக்கு 0.50, சைக்ளோபென்டோலேட்டுக்கு 0.75. தேர்வுல இதைத்தான் எதிர்பார்ப்பாங்க.

ரெட்டினோ_அக்கா
தேர்வுக்கு சரி சார். ஆனா அதை அப்படியே கண்ணாடிச் சீட்டுல எழுதினா சில குழந்தைகளுக்குக் கெடுதல். மாறுகண் உள்ளே திரும்பியிருந்து, அதுக்குக் காரணம் ப்ளஸ் பவர்னா, டோனஸ் கழிக்காம முழு +4.00 கொடுக்கறதுதான் வழக்கம். கழிச்ச அந்த ஒரு டயாப்டருக்குக் குழந்தை மறுபடி அக்காமடேட் பண்ணும், கண் மறுபடி உள்ள வரும். மாறுகண் இல்லாத பள்ளிப் பையனுக்கு, மருந்து இறங்கினப்புறம் திரும்ப வரவச்சு எவ்வளவு ப்ளஸ் ஏத்துக்கறான்னு பாத்து எழுதணும். நிரந்தரக் கழித்தல்னு ஒண்ணு கிடையாது.

பழைய_ஸ்லிட்லேம்ப்
அது சரி. "டோனஸ் அலவன்ஸ் எப்போதும் கழிக்க வேண்டும்"னு கொட்டை எழுத்துல நோட்ஸ் சுத்துது, அதைத்தான் திருத்தணும்.

நிலா_ஆப்டம்
அட்ரோபின் ஏன் சின்னக் குழந்தைக்கு களிம்பா கொடுக்கறாங்க? சொட்டுன்னா எளிசு இல்லையா?

வேதிக்குடுவை
மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். சொட்டு மூக்குக்கு ஓடுகிறது. களிம்பு இமைக்குள் ஒட்டி நின்று மெதுவாகக் கரைகிறது. அதனால்தான் ஐந்து வயதுக்குக் கீழ் களிம்பு என்ற வழக்கம்.

ரெட்டினோ_அக்கா
அம்மாகிட்ட சொல்றப்போ "கொஞ்சம் தடவுங்க"ன்னு சொல்லாதே. கீழ் இமையை இழுத்து உள்ளே ஒரு அரிசி மணி அளவுனு சொல்லு. பொதுவா ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, மூணு நாள். பரிசோதனை அன்னிக்கு காலையில போட வேண்டாம். கார்னியா மேல களிம்புப் படலம் இருந்தா ரெட்டினோ ஒளி கலங்கித் தெரியும்.

வழிஞ்சதைத் துடைக்கணும், போட்டதும் அம்மா கையைக் கழுவணும். கழுவாத கையோட தன் கண்ணைத் தேச்சா அம்மாவுக்கும் ஒரு பக்கக் கண்மணி விரியும். ட்யூபைக் குழந்தை கைக்கு எட்டாம வைக்கணும், இதை நாமளா சொன்னாதான் உண்டு. முகம் சிவந்து, உடம்பு கொதிச்சு, வாய் வறண்டு, குழந்தை பிதற்றினா, படபடன்னு இருந்தா, உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு. இதைச் சாதாரணக் காய்ச்சல்னு நினைச்சு பாராசிட்டமால் கொடுத்துட்டு அடுத்த வேளை களிம்பையும் போட்டுடுவாங்க, அதுதான் பயம். அட்ரோபின் வியர்வையை நிறுத்துது, நம்ம ஊர் மே மாசத்துல அது இன்னும் மோசம்.

சைக்ளோபென்டோலேட்டுக்குத் தனி முகம். அது மூளையைத் தொடும். குழந்தை தள்ளாடும், சம்பந்தமில்லாம பேசும், இல்லைன்னா அசந்து தூங்கும். ஒரு வயசுக்குள்ள 0.5%-தான். வலிப்பு இருக்கான்னு கேக்காம விடக்கூடாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு அட்ரோபின் வழக்கத்தைவிட வேகமாப் பிடிக்கும்.

கண்ணைத் திறக்காம அழற குழந்தைக்கு மல்லாக்க படுக்க வச்சு, மூடின கண்ணோட மூக்கோர மூலையில சொட்டை விடு. அழுகை நின்னு கண் திறக்கறப்போ தானா உள்ள போகும். பிடிச்சு அமுக்கினா மருந்தெல்லாம் கண்ணீரோட வெளியேதான்.

குறுங்கோணம்
பெரியவர்கள் பக்கம் வருவோம். டைலேட் செய்வதற்கு முன் செய்ய வேண்டியவை, செய்தபின் செய்ய முடியாதவை: பார்வை அளவு, கண்மணி எதிர்வினை, குறிப்பாக ஆர்.ஏ.பி.டி. (ஒரு கண்ணின் பார்வை நரம்பு பழுதானால் அதன் வெளிச்ச எதிர்வினை குறைவது), கண் அழுத்தம், முன்னறைக் கோணம் (கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் இடம், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் வழி). விரித்துவிட்ட பிறகு "ஆர்.ஏ.பி.டி. இருந்ததா?" என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. தலையில் அடிபட்டு வந்தவருக்கு, பொறுப்பு மருத்துவரைக் கேட்காமல் சொட்டே விடக் கூடாது. அங்கே கண்மணிதான் மூளையின் நிலையைச் சொல்லும் ஜன்னல்.

கோணத்துக்கு வான் ஹெரிக் முறை. ஸ்லிட்லேம்ப் ஒளியை 60 டிகிரியில் சாய்த்து, நெற்றிப்பொட்டுப் பக்க லிம்பஸில் (கார்னியாவின் விளிம்பு) மெல்லிய கோடாக விடுங்கள். கார்னியாவின் தடிமனையும் அதற்குப் பின்னால் உள்ள கருப்பு இடைவெளியையும் ஒப்பிடுங்கள். இடைவெளி தடிமனில் கால் பங்கோ அதற்குக் கீழோ இருந்தால் கோனியோஸ்கோபி (லென்ஸ் வைத்துக் கோணத்தை நேரே பார்ப்பது) செய்யாமல் டைலேட் வேண்டாம்.

ஆபத்து முழுதாக விரிந்த நிலையில் அல்ல, பாதி விரிந்த நிலையில். அப்போதுதான் ஐரிஸ் லென்ஸோடு நன்றாக ஒட்டி நீரோட்டத்தை மறிக்கும். மருந்து ஏறும்போதும் அந்த நிலை வரும், மணிக்கணக்கு கழித்து இறங்கும்போதும் வரும். இறங்கும் நேரத்தில் நோயாளி உங்கள் எதிரில் இருக்க மாட்டார், பஸ்ஸிலோ வீட்டிலோ இருப்பார். அதனால் "கண் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் வந்தால் இரவானாலும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள்.

தென்பொதிகை
அப்போ வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பைலோகார்பின் ஒரு சொட்டு விட்டு சுருக்கிட்டா?

குறுங்கோணம்
வேண்டாம். இரண்டு மருந்தும் மோதும்போது கண்மணி நிற்கும் இடம் அதே பாதி விரிந்த நிலைதான். போதாததற்கு பைலோகார்பின் சிலியரி தசையை இறுக்கி லென்ஸை முன்னால் தள்ளும்.

வேதிக்குடுவை
ஃபினைலெஃப்ரினையும் மில்லிகிராமில் பார்த்துவிடலாம். நம் நாட்டில் எல்லா ஓ.பி.யிலும் இருக்கும் "ப்ளஸ்" சொட்டு, ட்ரோபிகமைடு 0.8%, ஃபினைலெஃப்ரின் 5%. ஒரு சொட்டில் ஃபினைலெஃப்ரின் 2.5 மி.கி. இரண்டு கண், மூன்று சுற்று என்றால் 15 மி.கி. ரத்த அழுத்தம் சரிந்தால் மயக்க மருத்துவர் ஒரு தடவை நரம்பில் ஏற்றுவது 0.05 முதல் 0.1 மி.கி. 15-ல் நூற்றில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்ந்தால்கூட அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், இதய நோய், ட்ரைசைக்ளிக் வகை மன அழுத்த மாத்திரை என்றால் ப்ளஸ் வேண்டாம், ட்ரோபிகமைடு மட்டும் போதும். 10% பாட்டிலை வழக்கமான டைலேஷனுக்கு எடுக்கவே வேண்டாம்.

பழைய_ஸ்லிட்லேம்ப்
இதுல ஒரு சிக்கல். நாள்பட்ட சர்க்கரை நோயாளிக்கு ட்ரோபிகமைடு மட்டும் விட்டா கண்மணி சரியா விரியாது, விரிக்கிற பக்கத்து நரம்பே தளர்ந்திருக்கும். அவருக்குத்தான் ரத்த அழுத்தமும் இருக்கும். அதுக்காக பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம்னு நாலு சுற்று ப்ளஸ் ஊத்தறது வேலைக்காகாது. முதல்ல மரப்பு மருந்து ப்ராபராகெய்ன் 0.5% ஒரு சொட்டு விடு. எரிச்சலும் கண்ணீரும் குறையும், எபிதீலியம் (கார்னியாவோட மேல்தோல்) கொஞ்சம் தளரும், அடுத்து விடற மருந்து கூடுதலா உள்ள போகும். ரத்த அழுத்தத்தை அளந்து பாத்து, டாக்டர்கிட்ட கேட்டுட்டு ப்ளஸ் ஒரே ஒரு சொட்டு, கண்முனையை அமுக்கிப் பிடிச்சு. அப்புறம் பொறுமையா 30-40 நிமிஷம்.

அந்த ப்ராபராகெய்ன் பாட்டிலை மட்டும் எந்த நோயாளி கையிலயும் கொடுத்துடாதே. "இது விட்டதும் வலி போச்சு, இதையே எழுதிக் கொடுங்க"ன்னு கெஞ்சுவாங்க. மரத்துப் போன கார்னியா ஆறாது. திரும்பத் திரும்ப விட்டா எபிதீலியம் உரிஞ்சு, வளையமா வெள்ளை படிஞ்சு, ஓட்டை வரைக்கும் போகும். நிறம் மாறியிருந்தா தூக்கிப் போடு.

நிலா_ஆப்டம்
மூடி நிறத்தை வச்சு மருந்தைக் கண்டுபிடிக்கலாம்னு சீனியர் சொன்னாங்க. சிவப்பு டைலேட், பச்சை சுருக்கறது, மஞ்சள் டிமோலால்.

பழைய_ஸ்லிட்லேம்ப்
அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி வகுத்த நிறங்கள் அது. வைவாவுல சொல்லு, மார்க் வரும். ஓ.பி.யில லேபிளைப் படி. நம்ம கம்பெனிகள் எல்லாம் அதைப் பின்பற்றும்னு நம்பக் கூடாது. மயோபியா (தூரப் பார்வை மங்கறது) கட்டுப்பாட்டுக்கு வர்ற 0.01% அட்ரோபினையும் 1% அட்ரோபினையும் பக்கத்துல பக்கத்துல வைக்கற அலமாரியே தப்பு. வித்தியாசம் 100 மடங்கு. பாட்டிலைத் திறந்த தேதியை எழுதி ஒட்டு, நாலு வாரத்துல கடாசு.

வேதிக்குடுவை
சொட்டு மட்டுமல்ல, அவர்கள் விழுங்கும் மாத்திரைப் பட்டியலையும் இதே பழக்கத்தோடு கேளுங்கள். முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிற 40 கிலோ பெண்மணி. தினமும் 400 மி.கி. என்கிறார். கிலோவுக்கு 10 மி.கி. ஆகிறது, வரம்பு உண்மையான எடையில் கிலோவுக்கு 5. விழித்திரையைப் பார்ப்பதற்கு முன்பே குறிப்பில் எழுத விஷயம் கிடைத்துவிட்டது. எடை கேட்காத ஆப்டோமெட்ரிஸ்ட் இதைத் தவறவிடுவார்.

காசநோய் மாத்திரையில் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடிய எத்தாம்பூட்டால்: அரசு சிகிச்சை முறையில் இப்போது ஆறு மாதமும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் நிறப் பார்வை, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின்: கண்புரை அறுவையில் ஐரிஸ் தொளதொளவென்று அலையும், நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தாலும் எழுதுங்கள்.

குறுங்கோணம்
ஒற்றைத் தலைவலிக்கு டோபிராமேட்டையும் சேருங்கள். தொடங்கிச் சில வாரத்துக்குள் இரண்டு கண்ணிலும் திடீர் மைனஸ் பவர், கண் அழுத்தம் ஏற்றம். சிலியரி உடல் வீங்கி லென்ஸையும் ஐரிஸையும் முன்னால் தள்ளுகிறது. கண்மணி அடைப்பு அல்ல என்பதால் லேசர் ஓட்டை உதவாது, பைலோகார்பின் கெடுக்கும். மாத்திரை எழுதிய மருத்துவரோடு பேசி நிறுத்துவதும் சைக்ளோப்ளீஜிக் சொட்டும்தான் வழி. புதுசாக வந்த மைனஸ் என்று கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்புவதுதான் இங்கே நடக்கும் தவறு.

நிலா_ஆப்டம்
கடைசியா ஒண்ணு. மாதிரி வினாத்தாள்ல: "தோட்ட வேலை செய்யும் 35 வயது நபர், காலையிலிருந்து வலது கண்மணி மட்டும் பெரிது, கிட்டப் பார்வை மங்கல், வலி இல்லை. எந்த மருந்தால் உறுதி செய்வாய்?" மூணாவது நரம்பு வாதம் (கண்மணியைச் சுருக்குற மூளை நரம்பு செயலிழக்கறது)னு எழுதிட்டேன்.

ரெட்டினோ_அக்கா
தோட்ட வேலைன்னு சும்மா எழுதல. ஊமத்தை! இலை, பூ, விதை எல்லாத்துலயும் அட்ரோபின் இனத்துச் சரக்கு இருக்கு. களை பிடுங்கின கையால கண்ணைத் தேச்சா போதும்.

சோதனை பைலோகார்பின். முதல்ல 0.125%: இந்தக் கண்மணி மட்டும் சுருங்கினா பெரும்பாலும் ஏடி கண்மணி, நரம்பு போன தசை கொஞ்ச மருந்துக்கே துள்ளும். ரெண்டும் அசையலையா, அப்புறம் 1%. மூணாவது நரம்பு வாதம்னா ஏற்பி காலியா இருக்கு, நல்லா சுருங்கும். ஊமத்தைன்னா ஏற்பியில ஏற்கனவே ஆள் உக்காந்திருக்கான், சுருங்காது. சோதனைக்கு முன்னாடி ரெண்டு கண்ணுலயும் கார்னியாவைத் தொடாதே, டோனோமெட்ரி (கண் அழுத்தம் அளக்கறது), மரப்பு மருந்து எதுவும் வேண்டாம். எபிதீலியம் கலைஞ்சா மருந்து கூடுதலா உள்ள போய் பதிலே மாறிடும். சுருங்காத கண்ணு சில நாள்ல தானா சரியாகும்.

இமை இறங்கியிருந்தாலோ, ரெண்டா தெரியுதுன்னாலோ, தலைவலி இருந்தாலோ இந்தச் சோதனைக்கெல்லாம் உக்காராதே. நேரா அவசர சிகிச்சைக்கு அனுப்பு.

நிலா_ஆப்டம்
"ஏற்பியில ஏற்கனவே ஆள் உக்காந்திருக்கான்." இதை அப்படியே விடைத்தாள்ல எழுதலாமா அக்கா?

பழைய_ஸ்லிட்லேம்ப்
"போட்டி முறைத் தடுப்பு"ன்னு எழுது. அடைப்புக்குள்ள ஆளை உக்கார வை.